வாஸ்டேல் ஃபெல் ஓட்டம்: பையும் வரைபடமும் தயார் செய்வது எப்படி?

புதுக்கால்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஜூலையில் நடக்கும் வாஸ்டேல் ஃபெல் (மலை) ஓட்டத்துக்குப் பதிவு செய்தாயிற்று. 21 மைல், 9,000 அடி ஏற்றம். குட்டையான ஃபெல் ஓட்டங்கள் பழக்கம் உண்டு; 'ஏஎல்' (செங்குத்தான, நீண்ட ஓட்டம்) வகையில் இதுதான் முதல். கட்டாயப் பொருள் பட்டியல் கையில் இருக்கிறது. மூன்று சந்தேகங்கள்:

1. 95 கிராம் எடையுள்ள காற்றுத் தடுப்பு ஜாக்கெட் போதுமா?
2. வரைபடம் 1:25,000 அளவா, 1:40,000 அளவா?
3. மூடுபனி இறங்கிவிட்டால் பாதையில் எந்தெந்த இடத்தில் தவறு நடக்கும்?

கடைசிவாசல்

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. பொருள் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஃபெல் ஓட்டச் சங்கம் (எஃப்ஆர்ஏ) கேட்பது உடல் முழுவதையும் மூடும் மழை உடை. ஜாக்கெட்டில் தலைமூடி சேர்த்தே தைத்திருக்க வேண்டும், தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். பேன்ட்டுக்கும் அதே டேப் விதி. அத்துடன் தொப்பி, கையுறை, பாதைக்கு ஏற்ற வரைபடம், காம்பஸ், விசில், அவசர உணவு. சோதிப்பவர் முதலில் செய்வது ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பித் தையலைப் பார்ப்பதுதான். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் படிப்பதில்லை.

பழைய ஜாக்கெட் என்றால் தோள்பட்டையிலும் அக்குளிலும் டேப்பை விரல் நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். பையின் பட்டை உரசும் இடம் அதுதான், முதலில் உரிவதும் அங்கேதான். ஓரம் கிளம்பினால் தையல் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். டேப் சரியாக இருந்து மேல்துணி மட்டும் தண்ணீரை உறிஞ்சினால் அது வேறு பிரச்சினை: சோப்புத்தூளும் துணி மென்மையாக்கியும் செய்த வேலை. மழை உடைக்கென்றே உள்ள திரவத்தில் அலசி, நீர்விலக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஓட்டத்துக்கு முதல் நாள் இரவு செய்தால் காயாது.

ஜூலைதானே என்று நினைக்க வேண்டாம். ஓட்டம் தொடங்கி முடியும் வாஸ்டேல் ஹெட்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவு. பாதையின் மிக உயர்ந்த உச்சியான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர். அந்த ஏற்றத்துக்கே சுமார் 6 டிகிரி குறையும். உச்சியில் 5 டிகிரியும் மணிக்கு 50 கி.மீ. காற்றும் இருந்தால் தோலுக்கு அது மைனஸ் 1. உடம்பு நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

நனைஞ்ச சப்பாத்து

கடைசிவாசல் சொன்னது சரி. ஆனா சோதனை மேசையில பாஸ் ஆகிற உடுப்பு வேற, மலையில பாவிக்கக்கூடிய உடுப்பு வேற. வீட்டில ஒரு பரிசோதனை செய்து பாருங்கோ. வாளியில ஐஸ் தண்ணி விட்டு ரெண்டு கையையும் ரெண்டு நிமிஷம் வைச்சிருங்கோ. பிறகு அந்தக் கையாலயே பையைத் திறந்து, கோட்டை எடுத்து, போட்டு, சிப்பை மேல வரைக்கும் இழுங்கோ. பாதிப் பேருக்கு சிப்பின்ட தலையைப் பிடிக்கவே ஏலாது. ஒவ்வொரு சிப்பிலயும் 5 சென்டிமீட்டர் நூல் வளையம் கட்டினால் அந்தப் பிரச்சினை முடிஞ்சுது. ஜெல் பாக்கெட்டின்ட மூலையையும் முதலே கத்தரிக்கோலால கொஞ்சம் வெட்டி வையுங்கோ, முழுசா இல்லை.

மழைப் பேன்ட்டில பார்க்க வேண்டியது கணுக்கால் சிப். அடியில ஸ்டட் (ரப்பர் முளை) வைச்ச சப்பாத்தோட ஒற்றைக் காலில நின்று போடேலுமோ எண்டு பாருங்கோ. சிப் 20 சென்டிமீட்டருக்குக் குறைவெண்டால் ஸ்டட் உள்துணியில மாட்டும். மாட்டினால் ஆக்கள் குந்தியிருந்து சப்பாத்தைக் கழட்டுவினம், ஈர மண்ணில இருந்த இடத்திலேயே உடம்பு விறைக்கும். அதாலதான் பேன்ட்டைக் கணவாயிலயே போட்டுக்கொண்டு முகட்டுக்கு ஏற வேணும். முகட்டில காத்து அடிச்ச பிறகு போடுவம் எண்டால் காத்து உங்கட கையில இருந்து பறிச்சுக்கொண்டு போயிடும்.

பை: 4 லிட்டர் இடுப்புப் பை காணும். மேல கோட்டு, அதுக்குக் கீழ பேன்ட், அடியில அவசர உணவு. கையுறையும் தொப்பியும் தனிச் சிப் பையில காயாமல்... மன்னிக்கோணும், நனையாமல்! கோட்டு 200 கிராம், பேன்ட் 130 எண்ட கணக்கில மொத்தம் ஒரு கிலோவுக்குள்ள அடக்கலாம், தண்ணியைத் தவிர்த்து.

வரைகோடு

இரண்டாவது கேள்வி. எல்லாரும் 1:25,000 என்பார்கள். நான் 1:40,000 பக்கம். கணக்கைப் பாருங்கள். பாதை கிழக்கு-மேற்காக ஒன்பதரை கி.மீ., தெற்கு-வடக்காக எட்டரை கி.மீ. விரிகிறது. 1:25,000 அளவில் அது 38 க்கு 34 சென்டிமீட்டர் தாள். காற்றில் நான்காக மடித்து வைத்துக்கொண்டு ஓட முடியாது. 1:40,000 அளவில் 24 க்கு 21 சென்டிமீட்டர்தான். ஓரம் விட்டாலும் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரே மடிப்பு. ஹார்வி நிறுவனத்தின் 1:40,000 மலை வரைபடம் பிளாஸ்டிக் தாளில் வருவதால் கிழியாது, ஊறாது. அதன் கான்டூர் (சம உயரக் கோடு) இடைவெளி 15 மீட்டர், பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஓஎஸ் வெளியிடும் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் இந்தப் பகுதிக்கு 10 மீட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இதை மறந்து சரிவைத் தப்பாகக் கணிக்கிறார்கள். ஹார்வியில் கோடுகளின் நெருக்கம் குறைந்து தெரிவதால் சரிவு சாது என்று அர்த்தமில்லை.

கடைசிவாசல்

இதில் உடன்பாடில்லை. பாறை விளிம்பும் சின்ன ஓடையும் 1:25,000-இல்தான் பிரிந்து தெரியும். ஸ்காஃபெல் பைக்கிலிருந்து இறங்கும்போது அந்த விவரம் இல்லாமல் எப்படி?

வரைகோடு

நியாயம். அந்த இறக்கத்தை மட்டும் 1:25,000-இல் உள்ளங்கை அளவுக்கு அச்சடித்து 1:40,000-இன் பின்பக்கம் ஒட்டிவிடலாம். முழுப்பாதைக்கும் பெரிய தாள் தேவையில்லை.

இனி மூன்றாவது கேள்வி. நேரம் செலவழிக்க வேண்டியது இதில்தான். ஏறும்போது வழி தவறுவது குறைவு. எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் உச்சி ஒன்று. ஒவ்வொரு உச்சியிலிருந்தும் கிளம்பும் முதல் 200 மீட்டர்தான் ஆபத்து. செக்பாயிண்டில் (தொட்டுப் போக வேண்டிய இடம்) நேரப்பதிவுக் குச்சியைச் செருகிவிட்டு, மூச்சு வாங்கி, ஒரு வாய் சாப்பிட்டுத் திரும்பும்போது திசை கலைந்திருக்கும். எனவே வீட்டிலேயே ஒவ்வொரு உச்சிக்கும் வெளியேறும் திசையை எழுதி வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். இடம் இடமாகச் சொல்கிறேன்.

*வின் ரிக் – சீட்டாலன்*: தவறு குறைவு. இல்கில் ஹெட் வழி முகட்டில் வந்து, இறங்கி, கிரீண்டேல் பக்கம் சாலையைக் கடந்து ஏறுவது. வெயில் நாளென்றால் இங்கேதான் தண்ணீர் தீரும்.

*சீட்டாலன் – பில்லர்*: சீட்டாலன் உச்சி அகலமான புல்வெளி, அடையாளம் குறைவு. வடக்கே இறங்கி, பாட்ஸ் ஆஃப் ஆஷ்னெஸ் என்ற தாழ்வைப் பிடித்து ஹேகாக் ஏறுவது. ஹேகாக்கிலிருந்து ஸ்கோட் ஃபெல் வரை கல்சுவர் கைப்பிடிபோலக் கூடவே வரும். சிக்கல் ஸ்கோட் ஃபெல்லில். அங்கிருந்து மூன்று கிளைகள்: வடக்கே ஸ்டீப்பிள், தென்கிழக்கே ரெட் பைக், வடகிழக்கே பிளாக் கிராக் வழியாக விண்ட் கேப். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. சாய்வாக, ஓடச் சுகமாக இருப்பது ரெட் பைக் பக்கம். மூடுபனியில் கால் தானாக அங்கே போகும். இன்னொன்று, ரெட் பைக் என்ற பெயரில் இந்த வட்டாரத்தில் இரண்டு உச்சிகள். பட்டர்மியர் பக்கம் இருப்பது 755 மீட்டர், இது 826. என்னர்டேல் ஓட்டத்தில் செக்பாயிண்ட் அந்த 755 மீட்டர்தான். இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே தாளில் குறி போடுபவர்கள் ரெட் பைக்கில் தவறு செய்கிறார்கள்.

*பில்லரிலிருந்து*: உச்சி தட்டை, நாலைந்து கல்குவியல்கள். தென்மேற்கிலிருந்து ஏறி வருகிறீர்கள், போக வேண்டியது கிழக்கு-தென்கிழக்கு, பிளாக் செயில் கணவாய்க்கு. வடக்கே நகர்ந்தால் பில்லர் ராக்கின் செங்குத்து.

*கிர்க் ஃபெல்*: இந்த ஓட்டத்தில் அது செக்பாயிண்ட் இல்லை. 802 மீட்டர் உயர உச்சிக்கு ஏறி இறங்குவதற்குப் பதிலாக வடக்குச் சரிவைச் சுற்றி பெக் ஹெட்டுக்குப் போகும் ஒற்றையடித் தடம் உண்டு. தெளிவான நாளில் ஒத்திகை பார்க்காமல் அதை நம்பக் கூடாது. தடம் தொலைந்தால் கீழே இறங்கித் தேடவே கூடாது. உயரத்தை விடாமல் பக்கவாட்டில் போவதே வழி.

*கிரேட் கேபிளிலிருந்து*: தென்கிழக்கே ஸ்டை ஹெட்டுக்கு. நேர் தெற்கே நேப்ஸ் பாறைகள், வடக்கே கேபிள் கிராக். ஆக, இரண்டு பக்கமும் பிழை பொறுக்காது.

*எஸ்க் ஹாஸ்*: இதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.

புதுக்கால்

நன்றி வரைகோடு. பேரிங்கை (போகும் திசையின் கோணத்தை) எழுதி ஒட்டுவது என்றால் பாகையில் எழுதணுமா, திசைப் பெயர் போதுமா?

வரைகோடு

இரண்டும். எண் காம்பஸுக்கு, திசைப் பெயர் உங்களுக்கு. 180 பாகை தப்பு வருவது சகஜம்: ஊசியின் சிவப்பு முனைக்குப் பதிலாக வெள்ளை முனையை வட அம்புக்குள் வைத்துவிடுவது, அல்லது பலகையை வரைபடத்தில் தலைகீழாக வைப்பது. 'தென்கிழக்கு' என்று பக்கத்தில் எழுதியிருந்தால், காம்பஸில் 320 காட்டும்போதே தப்பு தெரிந்துவிடும்.

காந்தத் திருத்தம் பற்றியும் கேட்பார்கள். லேக் டிஸ்ட்ரிக்டில் இப்போது வரைபடத்தின் வடக்குக்கும் காந்த வடக்குக்கும் வித்தியாசம் ஒரு பாகைக்கும் குறைவு. பழைய வரைபட ஓரத்தில் 4, 5 பாகை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கூட்டிவிடாதீர்கள். 5 பாகைத் தப்பு என்றால் ஒரு கிலோமீட்டரில் 87 மீட்டர் விலகல். கேபிள் உச்சியில் அவ்வளவு இடம் கிடையாது.

அதைவிடப் பெரிய தப்பு மார்பில் இருக்கிறது. தண்ணீர்க் குழாயைப் பிடித்து வைக்கும் காந்தக் கிளிப், காந்த மூடியுள்ள போன் உறை. காம்பஸை மார்போடு அணைத்துப் பிடித்தால் ஊசி அந்தப் பக்கமே சாயும். வீட்டில் சோதிக்க: மேசையில் காம்பஸை வைத்து ஊசி நின்றதும், பட்டையோடு உங்கள் பையை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். எவ்வளவு தூரத்தில் ஊசி அசைகிறது என்று பாருங்கள். போனோடு ரொம்ப நாள் ஒரே பையில் கிடந்த காம்பஸுக்கு ஊசியே முனை மாறி, தெற்கை வடக்கென்று காட்டுவதும் நடக்கிறது.

நனைஞ்ச சப்பாத்து

இடையில ஒண்டு. ஜிபிஎஸ் மணிக்கூட்டில பாதையை ஏத்திக்கொண்டு போகலாமோ எண்டு அடுத்த கேள்வி வரும். எந்த ஓட்டமெண்டாலும் அதின்ட விதியை வாசியுங்கோ. பல ஃபெல் ஓட்டங்களில அது அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் பட்டரி செத்தால் தாள்தான்.

வரைகோடு

எஸ்க் ஹாஸ். ஸ்பிரிங்க்ளிங் டார்ன் தாண்டி மேலே வந்தால் சிலுவை வடிவில் கல்லால் கட்டிய ஒதுக்கிடம் வரும். பாதிப் பேர் அதையே எஸ்க் ஹாஸ் என்று நினைக்கிறார்கள். உண்மையான எஸ்க் ஹாஸ் 759 மீட்டரில், ஒதுக்கிடத்துக்குத் தென்மேற்கே, அதைவிடச் சுமார் 30 மீட்டர் மேலே இருக்கிறது. ஒதுக்கிடத்தைத் தாண்டி நேரே தடத்தில் போனால் ஆங்கிள் டார்ன், அப்புறம் லாங்டேல் பக்கம் இறங்கிவிடுவீர்கள். செக்பாயிண்ட் எந்தப் புள்ளி என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள கிரிட் (வரைபடக் கட்டம்) எண்ணைக் கொண்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை நம்பிக் குறிக்காதீர்கள்.

உயரமானி வைத்திருப்பவர்கள் 'உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்' என்பார்கள். அது காற்றழுத்தத்தால் வேலை செய்வது. அந்த உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 9 மீட்டர். வானிலை கெட்டுக்கொண்டு வரும் நாளில் காலையிலிருந்து 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தால் கருவி 35 மீட்டர் கூடுதலாகக் காட்டும். அதாவது ஒதுக்கிடத்தில் நிற்கும்போது 'எஸ்க் ஹாஸ் வந்துவிட்டது' என்றே சொல்லும்! மூடுபனி வருவதும் பெரும்பாலும் அழுத்தம் இறங்கும் நாட்களில்தான். எனவே கேபிள் உச்சியில் 899 என்று திருத்தி வைத்த பிறகே அதை நம்பலாம்.

எஸ்க் ஹாஸிலிருந்து ஸ்காஃபெல் பைக் நேர்கோட்டில் 2 கி.மீ. ஆனால் தடம் முதலில் மேற்கே போய் வளைகிறது. இல் கிராக், பிராட் கிராக் பக்கம் பெரிய பாறைக்கற்கள். காலடியைப் பார்த்தே போக வேண்டியிருப்பதால் வரைபடத்தைப் பார்க்க மாட்டீர்கள். கற்களுக்குள் நுழையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசி இறக்கம்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. உச்சியிலிருந்து வடமேற்கே லிங்மெல் கணவாய்க்கு, அங்கிருந்து லிங்மெல்லின் மூக்கு வழியாகக் கீழே. கணவாய்க்கு அருகில் காரிடார் ரூட் தடம் வடகிழக்கே பிரிகிறது. நன்றாக மிதிபட்ட தடம் என்பதால் கால் அதில் விழும். கொஞ்ச தூரத்தில் பக்கத்திலேயே பியர்ஸ் கில் பள்ளம். 'இந்த ஓடை வாஸ்டேலுக்குத்தானே போகிறது' என்று அதில் இறங்குபவர்களை மீட்பதே மீட்புக் குழுவுக்கு வேலையாகிவிட்டது. ஓடை வாஸ்டேலுக்குத்தான் போகிறது, அருவியாக விழுந்து! வரைபடத்தில் அந்தப் பள்ளத்தின் மேல்வாயில் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: இதைத் தாண்டினால் தப்பு.

குறி போடும்போது செக்பாயிண்ட் வட்டத்துக்குள்ளே மை படக் கூடாது. வட்டத்தின் நடுவில் இருக்கும் பாறைக் குறியும் கான்டூரும்தான் உங்களுக்குத் தேவை. ஊதா நிற நிரந்தரப் பேனா, மெல்லிய முனை.

கடைசிவாசல்

விலக நேர்ந்தால் எங்கே இறங்குவது என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். பிளாக் செயில் கணவாயிலிருந்து தெற்கே மோஸ்டேல் வழி வாஸ்டேல் ஹெட். ஸ்டை ஹெட்டிலிருந்து மேற்கே இறங்கினாலும் வாஸ்டேல் ஹெட். எஸ்க் ஹாஸில் முடியவில்லை என்றால் ஸ்டை ஹெட்டுக்கே திரும்புங்கள். வடக்கே என்னர்டேலிலோ பாரோடேலிலோ இறங்கினால் காரில் சுற்றிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பள்ளத்தாக்கில் போன் சிக்னலும் சரியாக இல்லை.

எப்படி இறங்கினாலும் முடிவிடத்தில் போய் மணிக்கட்டில் கட்டிய நேரப்பதிவுக் குச்சியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நேரே காருக்குப் போய்த் தூங்கிவிட்டால் கணக்கில் ஒருவர் குறைவார். மலை மீட்புக் குழுவில் எல்லாருமே தன்னார்வலர்கள்; இல்லாத ஆளை இரவெல்லாம் தேடுவார்கள்.

விசில்: நிமிடத்துக்கு 6 ஊதல், பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடியும். பதிலாக 3 ஊதல் கேட்டாலும் நிறுத்தாதீர்கள், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வருவார்கள். பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு 'யெஸ்' என்று அனுப்பினால் முடிந்தது. பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு.

நனைஞ்ச சப்பாத்து

சாப்பாடு சுருக்கமா. மணிக்கு 40 தொடக்கம் 60 கிராம் மாச்சத்து. அவசர உணவு அதுக்குள்ள சேராது. முடிவிடத்தில பையைத் திறந்து காட்டச் சொன்னால் அது அப்பிடியே இருக்க வேணும். வாயில போட்ட உடனே கரையிற சாமான் நல்லம். விறைச்ச வாயால கடினமான பாரைக் கடிக்கேலாது. தண்ணிக்கு 500 மில்லி மென்குடுவை ஒண்டு, நிரப்புறதுக்கு ஓடை. குளத்தில இருந்து வழியிற தண்ணியை விட, மேல ஊற்றா வெளிக்கிட்டு வேகமா ஓடுறது நல்லம். எடுக்க முன்னம் மேல பாருங்கோ, செம்மறி செத்துக் கிடக்குதோ எண்டு.

சப்பாத்து: புல்லுச் சரிவுக்கு ஆழமான ஸ்டட் வேணும், ஆனா பிராட் கிராக் கல்லில அது ஈரத்தில வழுக்கும். வாஸ்டேலில ரெண்டும் இருக்கிறதால ஸ்டட்டின்ட உயரத்தைவிட ரப்பர் மென்மையா எண்டதைப் பாருங்கோ. நகத்தால அமத்தினால் பள்ளம் விழ வேணும்.

புதுக்கால்

எல்லாருக்கும் நன்றி. 1:25,000-இல் ஸ்காஃபெல் பைக் இறக்கத்தை மட்டும் அச்சடித்தேன். காம்பஸ் பலகையில் உள்ள அளவுகோலை வைத்தால் கட்டம் ஒத்துவரவில்லை. ஒரு கிலோமீட்டர் கட்டம் 38.6 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. காம்பஸ் தப்பா?

வரைகோடு

காம்பஸ் சரி. அச்சில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தேர்வாகியிருக்கிறது. தாள் ஓரத்துக்காகச் சுருக்கிவிட்டது. அளவு 100 சதவீதம் என்று மாற்றி மறுபடி அடியுங்கள். கட்டம் 40 மில்லிமீட்டர் வர வேண்டும், 1:40,000 என்றால் 25. இங்க்ஜெட்டில் அடித்திருந்தால் ஈரவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். மை ஓடினால் லேசர் அச்சுக்கும் நனையாத தாளுக்கும் போங்கள்.

புதுக்கால்

40 வந்துவிட்டது. மை மட்டும் ஓடுகிறது, நாளை லேசரில் அடிக்கிறேன்.